பருவம் தவறினால் பாரம் யார் தலையில்?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு பண்ணைப் பசுமை அங்காடிகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. கடை வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். தொலைக்காட்சிக் கேமராக்களும் வந்து நின்றன. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. செப்டம்பர் வந்தது. அதே தக்காளி நாட்டின் பல மொத்தச் சந்தைகளில் கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அப்போது எந்தக் கேமராவும் வரவில்லை, எந்த அங்காடியும் திறக்கவில்லை. விலை ஏறினால் நாட்டுப் பிரச்சினை, இறங்கினால் விளைவித்தவர் தலையெழுத்து என்று எங்கும் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. பருவங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வரை அந்த ஏற்பாடு எப்படியோ ஓடியது. இனி ஓடாது.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கர்கூட இல்லை. நிலம் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். காய்கறி போடுபவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். அரை ஏக்கரில் தக்காளி, முப்பது சென்டில் வெண்டை, கிணற்று மேட்டில் கத்தரி, வேலியோரம் நாலு முருங்கை. நெல்லும் கரும்பும் போட இவர்களுக்கு நிலமும் காணாது, தண்ணீரும் காணாது. வாரத்துக்கு இரண்டு முறையாவது கையில் காசு காட்டுவது காய்கறிதான். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், நகைக்கடன் வட்டி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தக் காசில் ஓடுகின்றன.

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள காந்தி காய்கறி மார்க்கெட்டுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி கேரளத்துக்குப் போகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் இந்த மார்க்கெட்டைப் பார்த்துத்தான் நடவு போடுகின்றன. ஓணத்துக்கு எது ஓடும், ஐயப்ப சீசனில் எது ஓடும், முகூர்த்த நாளில் முருங்கைக்காய் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் அங்கே பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் அத்துப்படி. 2018 ஆகஸ்டில் இந்தக் கணக்கு மொத்தமாகக் கவிழ்ந்தது. கேரளத்தில் பெருவெள்ளம். அந்த மாநில அரசு ஓணக் கொண்டாட்டங்களையே ரத்து செய்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன. ஓணத்தை எண்ணி நட்டவரின் காட்டில் ஒரு சொட்டு வெள்ளம் இல்லை. காய் நன்றாகவே பிடித்திருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. நம் காய் போய்ச் சேரும் ஊரின் வானத்தையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டிய பிழைப்பு இது.

நம் வானமும் ஒன்றும் சொன்னபடி கேட்பதில்லை. மாநிலத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியைக் கொண்டுவருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. 2016இல் அது வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. மாநிலத்தின் ஓராண்டுச் சராசரியே சுமார் 92 சென்டிமீட்டர்தான். 2024 நவம்பர் கடைசியில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் 51 சென்டிமீட்டரையும், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரையும் இறக்கிவிட்டுப் போனது. ஊத்தங்கரை கடற்கரை ஊர் அல்ல, காய்ந்த மேட்டுப் பூமி. அதே ஆண்டு கோடையில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் ஆடிக்குப் பின்னால் என்ன வரும் என்று ஓரளவு தெரிந்துதான் சொன்னார்கள். அந்த ஓரளவு இப்போது கையில் இல்லை.

இந்த மாற்றத்தை நெல் ஓரளவு தாங்கும். காய்கறி தாங்காது. பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் சூடு தணியாமல் நின்றால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகினால் தக்காளிக்கு இலைச்சுருள், வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல். மழை அடைத்துப் பிடித்தால் சின்ன வெங்காயத்தில் கோழிக்கால் நோய் வந்து தாள் திருகிக்கொள்ளும். மூன்று நாள் மழைக்குப் பிறகு தக்காளிக் காட்டுக்குள் இறங்கிப் பார்த்தால் போதும். மேலே செடி பச்சையாகத்தான் நிற்கும். பாத்தியில் தேங்கிய தண்ணீர் வற்றி வெயில் அடித்த மறுநாள் மதியம் பார்த்தால் துவண்டு கிடக்கும். பிடுங்கினால் வேர் பழுப்பேறி, கையோடு உரிந்து வரும். பழுக்க இருந்த காய்களில் காம்பைச் சுற்றி வெடிப்பு ஓடியிருக்கும். வெடித்த காயைப் பெட்டியில் போட்டால் பக்கத்துக் காயும் மார்க்கெட் போவதற்குள் கசிந்துவிடும்.

இவ்வளவுக்கும் காரணம் வானம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் வானம் செய்வது பாதி. மீதிப் பாதி நாற்றுப்பண்ணையில் தொடங்குகிறது. இன்று பெரும்பாலும் யாரும் வீட்டில் விதை தூவி நாற்று விடுவதில்லை. தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் வளர்த்த நாற்றைப் பண்ணையில் முன்பதிவு செய்து வாங்குகிறார்கள். விதை போட்டு 25 நாள் வாக்கில் நாற்று நடவுக்கு வரும். பத்து நாள் தள்ளினால் கம்பி போல் நீண்டு வீணாகும். மழை பெய்து காடு சேறாகிவிட்டால் உழவு ஓட்ட முடியாது, நாற்றோ காத்திருக்காது. நட்ட பிறகு முதல் பறிப்புக்கு அறுபது, எழுபது நாள். ஆக, ஆர்டர் கொடுக்கும் அன்று விவசாயி மூன்று மாதத்துக்கு அப்பால் உள்ள மழையையும் விலையையும் சேர்த்து யூகித்தாக வேண்டும். அவர் கையில் இருக்கும் ஒரே தகவல் அன்றைய மார்க்கெட் விலை. அது ஏறியிருந்தால் எல்லோரும் தக்காளி நாற்றுக்கு ஓடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து எல்லோர் காட்டிலும் ஒரே வாரத்தில் பழுக்கிறது.

அப்படிப் பழுக்கும் வாரத்தின் கணக்கு இது. பதினாலு கிலோ பெட்டி ஒன்று 70 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம், கிலோ 5 ரூபாய். நூற்றுக்குப் பத்து என்று கமிஷன் பிடித்தால் 7 ரூபாய். வண்டி வாடகை, இறக்குக்கூலி, பெட்டி வாடகை சேர்ந்து 20 ரூபாயாவது ஆகும். பறிகூலி 25 ரூபாய். கூலியும் வாடகையும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் முடிவு பெரிதாக மாறாது. கையில் நிற்பது பெட்டிக்கு 18 ரூபாய். இதில்தான் நாற்று, உழவு, எரு, மல்ச்சிங் ஷீட், குச்சி, கயிறு, மருந்து எல்லாம் வர வேண்டும். விலை இன்னும் இரண்டு ரூபாய் இறங்கினால் பறிப்பதே நஷ்டம். ஆடு மாடுகளை உள்ளே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். சாலையோரம் தக்காளி கொட்டிக் கிடக்கும் படத்தை நாளிதழில் பார்த்து உச்சுக்கொட்டும் நாம், அதே வாரம் கடையில் கிலோ 20 கொடுத்து வாங்கியிருப்போம். தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் ஏறக்குறைய 33 காசுதான் விவசாயிக்குப் போய்ச் சேர்கிறது என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கையே 2024இல் சொன்னது.

நாற்றுப்பண்ணைக்குத் திரும்புவோம், ஏனெனில் பொறுப்பைப் பகிர்வதற்கு முதல் இடம் அதுதான். ஒரு வட்டாரத்தில் இந்த மாதம் எத்தனை லட்சம் தக்காளி நாற்று போகிறது, எத்தனை கத்தரி, எத்தனை மிளகாய் என்பது மார்க்கெட்டுக்கு மூன்று மாதம் முன்பே பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். ஒருவருக்குத் தன் கணக்கு தெரியும். எல்லோர் கணக்கையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. தோட்டக்கலைத் துறை வாரம் ஒருமுறை அந்த எண்ணிக்கையைத் திரட்டி, உழவர் சந்தையிலும், கூட்டுறவுச் சங்க வாசலிலும், நாற்றுப்பண்ணையிலுமே ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன? தொழில் ரகசியம் வெளியே போகும் என்று பண்ணைக்காரர்கள் தயங்கலாம். யார் எவ்வளவு விற்றார் என்று எழுத வேண்டியதில்லை, வட்டாரத்தின் மொத்தம் போதும். போன ஆண்டு இதே வாரத்தைவிட இரண்டு மடங்கு நாற்று போகிறது என்று தெரிந்தால், அரை ஏக்கர்க்காரர் பாதியைத் தக்காளிக்கு விட்டு மீதியை அவரைக்கோ பீர்க்குக்கோ மாற்றிக்கொள்வார். எல்லோரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். பத்தில் இரண்டு பேர் மாற்றினாலே வீழ்ச்சியின் வேகம் தணியும். பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் இதற்குத் தேவையில்லை. சுண்ணாம்புக் கட்டியும், கணக்கைக் கூட்ட ஓர் ஆளும் போதும்.

வானிலையிலும் தகவல் பஞ்சம் இருக்கிறது. மாவட்ட அளவில் பயிருக்கேற்ற வானிலை ஆலோசனை தந்துகொண்டிருந்த 199 வேளாண் வானிலை அலகுகளை 2024இல் ஒன்றிய அரசு நாடு முழுக்க மூடியது. பருவம் புத்தி மாறி நிற்கும் காலத்தில் யாருக்கு இப்படி ஒரு சிக்கனம் தோன்றியதோ! தனியார் செயலிகள் அந்த இடத்தை நிரப்பும் என்பார்கள். மழை வரும் என்று எந்தச் செயலியும் சொல்லும். நாளை மழை, இன்றைக்கு மருந்து அடிக்காதே, வெங்காயத்தைப் பிடுங்காமல் இரண்டு நாள் பொறு என்று உள்ளூர்ப் பயிரை அறிந்து சொல்ல வேளாண்மை தெரிந்த ஆள் வேண்டும். ஒன்றியம் கைவிட்டால் மாநிலமாவது பிடித்துக்கொள்ள வேண்டும். 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடும் மாநிலம் இது.

விலை விழும்போது என்ன செய்வது? தக்காளி விலை சரியும்போதெல்லாம் சாஸ் தொழிற்சாலை கட்டுங்கள் என்று ஒரு கோரிக்கை எழும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொழிற்சாலைக்குச் சதையும் கரைதிடமும் மிகுந்த தனி ரகம் வேண்டும், ஆண்டு முழுக்கச் சரக்கு வேண்டும். மூன்று வாரம் மட்டும் மலிவாகக் கிடைக்கும் மார்க்கெட் தக்காளியை நம்பி யாரும் ஆலையை நடத்த முடியாது. குளிர்பதனக் கிடங்கும் அப்படித்தான். உருளைக்கிழங்குக்குப் பொருந்துவது தக்காளிக்குப் பொருந்தாது, இரண்டு வாரம் கூடுதலாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சின்ன வெங்காயத்துக்கு மட்டும் இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. காட்டு ஓரத்தில் வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் பழக்கம் கொங்கு நாட்டில் இருக்கிறது. அந்தப் பட்டறைகளைக் கொஞ்சம் செம்மைப்படுத்திப் பரவலாக்கினால் ஆலையைவிட அதிகம் பயன் தரும்.

கேரளம் 2020 நவம்பரில் 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து நிர்ணயித்த அந்தப் பட்டியலில் தக்காளிக்கு அன்று கிலோ 8 ரூபாய். இதை அப்படியே இங்கே செய்யச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேரளத்தில் விளைவது குறைவு, தின்பது அதிகம். விளைவித்து வெளியே அனுப்பும் மாநிலம் எல்லாச் சரக்குக்கும் அடிப்படை விலை கொடுக்கப் புறப்பட்டால் கஜானா தாங்காது. ஆனால் பகுதிச் சுமையைச் சுமக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில், முந்தைய சாதாரண ஆண்டைவிட விலை 10 விழுக்காடு இறங்கினாலே மாநிலம் உதவி கேட்கலாம். செலவை இரண்டு அரசுகளும் பாதிப் பாதி பகிர்கின்றன. 2025இல் திருத்திய நெறிமுறைப்படி சரக்கை அரசே வாங்க வேண்டும் என்றுகூட இல்லை, விலை வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாம். ஆனால் மாநிலம் கேட்க வேண்டும். விலை ஏறினால் ஒரே வாரத்தில் அங்காடி திறக்கத் தெரிந்த நிர்வாகம், விலை இறங்கினால் ஒரே வாரத்தில் டெல்லிக்குக் கடிதம் எழுதவும் பழக வேண்டும்.

இன்னொரு வழி அரசின் சமையலறைகளிலேயே இருக்கிறது. சத்துணவுக் கூடங்கள், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடுதிகள், அரசு மருத்துவமனைகள், சிறைகள். இத்தனை அடுப்புகளுக்கும் தினமும் காய்கறி வேண்டும். இப்போது பெரும்பாலும் அன்றன்றைக்குக் கடையில் வாங்குகிறார்கள். விலை ஏறிய மாதத்தில் சாம்பாரில் காய் குறைகிறது, இறங்கிய மாதத்தில் விவசாயிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. வட்டாரத்திலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தோடு பருவத் தொடக்கத்திலேயே ஒரு நியாயமான விலைக்கு ஒப்பந்தம் போட்டு, அந்தந்த வாரம் அதிகம் விளையும் காயை வாங்கிக்கொள்ளலாம். மொத்த விளைச்சலில் இது சிறு பங்கைத்தான் எடுக்கும். ஆனால் நூறு பெட்டியில் பத்துப் பெட்டிக்கு நிச்சயமான விலை இருந்தால் மீதித் தொண்ணூறு பெட்டிக்குப் பேரம் பேச மனதில் தெம்பு வரும். 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, இடைத்தரகர் இல்லாத சந்தையெல்லாம் நடக்குமா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. கால் நூற்றாண்டு கடந்தும் நடக்கிறது.

காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விவசாயிகளே வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்கள். தோட்டக்கலைப் பயிர்களுக்குப் பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு பிரீமியம். நெல்லைவிடக் கூடுதல். தண்ணீர் தேங்குவது, ஆலங்கட்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு, அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மற்ற இழப்புக்கெல்லாம் வட்டாரச் சராசரி. பத்துப் பதினைந்து தடவை பறிக்கிற தக்காளியின் விளைச்சலை ஒருநாள் சோதனை அறுவடையில் எப்படி மதிப்பிடுவது? கூடவே இன்னொரு சிக்கல். வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுபவர் பெயர் கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் இராது, அது இல்லாமல் காப்பீட்டில் சேர்வதும் கடினம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் நிலம் போய்விடுமோ என்று நில உரிமையாளர் எழுதித் தரப் பயப்படுகிறார். உரிமைப் பதிவு வேறு, ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடிச் சான்று வேறு என்று கிராம நிர்வாக அலுவலர் விளக்கிச் சொன்னால் பாதிப் பயம் போகும். நில உரிமையாளர்களும் இதில் கொஞ்சம் பெருந்தன்மை காட்ட வேண்டும். நட்டத்தில் ஒரு காசும் ஏற்காமல் குத்தகைப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்பவர், ஒரு கையெழுத்துக்காவது மனம் இரங்கலாம்.

எந்த ஒரு விவசாயியும் தனியாகத் தீர்க்கவே முடியாத விஷயம் வடிகால். மேட்டுப் பாத்தி எடுக்கலாம், காட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டலாம். அந்தத் தண்ணீர் வரப்பைத் தாண்டி எங்கே போகும்? ஊர் ஓடைக்குப் போக வேண்டும். ஓடையில் பாதியை ஒருவர் தென்னந்தோப்பாக்கியிருக்கிறார். மீதியில் புது மனைப்பிரிவுக்குக் கல் ஊன்றி, குறுக்கே மண் ரோடு போட்டு, நாலு அடி அகலத்தில் ஓடிய இடத்தில் ஒரு சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டார்கள். தார்ச்சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு உயர்த்தியதில் சாலையோரக் காடுகள் எல்லாம் பள்ளமாகிவிட்டன. ஒருநாள் மழை மூன்று நாள் தேங்கி நிற்பது இதனால்தான். வானத்தின் மேல் பழி போடுகிற பல நட்டங்களுக்குச் சொந்தக்காரர்கள் தரையில் இருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் கையெழுத்து, சாலை ஒப்பந்தம் போடும் கையெழுத்து, ஆக்கிரமிப்பைப் பார்த்தும் பாராத கண்கள் எல்லாம் அதில் சேரும். ஓடைப் புறம்போக்கு எது, அதன் அகலம் எவ்வளவு என்று கிராம வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. அளந்து மீட்பதற்கு ஊரில் ஒற்றுமைதான் இல்லை. ஆக்கிரமித்தவர் பெரும்பாலும் நமக்கு மாமனோ மச்சானோதான்.

நிலத்தடி நீரிலும் இதே நிலைமைதான். பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி போட்டால் நாம் 1000 அடி போடுகிறோம், அடுத்த ஆண்டு இரண்டு பேர் மோட்டாரும் காற்றைத்தான் இழுக்கிறது. 2003இல் நிலத்தடி நீரை முறைப்படுத்தத் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2013இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் இருக்கட்டும். ஒரு கிராமத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால், கோடையில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் தாங்கும் என்று ஊரே உட்கார்ந்து பேச ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

விவசாயிகளும் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஒரு நியாயம் இருக்கிறது. விலை இல்லை என்று பறிக்காமல் விட்ட தக்காளிக் காடு வெள்ளை ஈக்கும் ஊசிப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் விருந்து மண்டபம். அங்கே பெருகியவை அடுத்த காட்டில் நேற்று நட்ட இளஞ்செடிக்குப் போகின்றன. அந்தக் காட்டுக்காரர் அடிக்கும் மருந்து செலவாகவும், நம் தட்டில் நஞ்சாகவும் வந்து சேர்கிறது. பறிக்கக் கட்டுப்படியாகாவிட்டாலும் செடியைப் பிடுங்கி மட்கவிட வேண்டும், அல்லது ரோட்டோவேட்டர் விட்டு உழுதுவிட வேண்டும். அதற்கும் வாடகைக் காசு வேண்டும்தான். அந்த ஒரு மணி நேர வாடகையைக் கூட்டுறவுச் சங்கமோ உற்பத்தியாளர் நிறுவனமோ பின்னால் பிடித்துக்கொள்ளும் கடனாகத் தரலாம். காட்டைச் சுற்றிச் சோளம் நாலு வரிசை, தக்காளிக்கு இடையே செண்டுமல்லி என்று பல்கலைக்கழகமும் பாட்டன்மாரும் ஒரே குரலில் சொல்லும் சில முறைகளையும் ஒருவர் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான். ஓர் ஊரே செய்தால் மருந்துக் கடைக்காரர் முகம் வாடும்.

கமிஷன் மண்டிக்காரரை மட்டும் வில்லனாக்கும் பேச்சில் நமக்கு உடன்பாடில்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் கொடுப்பவர் அவர்தான், வங்கி அல்ல. ஆனால் அந்த முன்பணமே விவசாயியை வேறு மண்டிக்குப் போகவிடாமல் கட்டிப்போடுகிறது. எடையும் விலையும் பிடித்தமும் தெளிவாக எழுதிய ரசீதை ஒவ்வொரு பெட்டிக்கும் தருவது அவர்கள் பங்குக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

நகரத்தில் சாப்பிடுகிறவர் பங்கு என்ன? நாளொன்றுக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நாம் சாப்பிடுவது அதைவிடக் குறைவு, அதிலும் பெரும்பாதி தக்காளி, வெங்காயம், உருளை. எல்லாப் பருவத்திலும் இந்த மூன்றும் அதே விலையில் வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். புளி ஊற்றி வைத்த சாம்பாரில் தக்காளி கட்டாயம் என்று யார் சொன்னது? (சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.) கோடையில் வெள்ளரி, பூசணி, சுரை. மழையில் அவரை, பந்தல் காய். கொஞ்சம் கோணலாக இருக்கிறது, புள்ளி விழுந்திருக்கிறது என்று ஒதுக்காமல் வாங்கினாலே விவசாயிக்குப் பெட்டிக்கு இரண்டு கிலோ கூடும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நீச்சல் குளப் பராமரிப்புக்கு ஆண்டுச் சந்தா வசூலிக்கின்றன. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு விவசாயிக்கு ஆடியில் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, ஐப்பசி முதல் வாரந்தோறும் விளைந்ததை வாங்கிக்கொள்ளலாம். மழையில் ஒரு வாரம் காய் வராவிட்டால் அந்த வாரத்து நட்டத்தைப் பத்து வீடும் பங்கு போட்டுக்கொள்ளும். கல்யாண மண்டபங்களும் கல்லூரி விடுதிகளும் இதையே இன்னும் பெரிய அளவில் செய்ய முடியும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் மார்ச் 22ஆம் தேதிக் கூட்டம் தண்ணீர் நாளை ஒட்டியது, மே 1ஆம் தேதிக் கூட்டம் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வருகிறது. மார்ச் கூட்டத்தில் ஓடையை அளக்கத் தீர்மானம் போடலாம். ஐப்பசி மழை வர அதன்பின் ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். மே கூட்டத்தில் நாற்றுப் பலகைக்குத் தீர்மானம் போட்டு, தோட்டக்கலை உதவி அலுவலரையும் நாற்றுப்பண்ணைக்காரர்களையும் அழைத்துப் பேசலாம். ஆடி நடவுக்கான முன்பதிவு ஆனி முதல் வாரத்திலேயே சூடு பிடித்துவிடும். பலகையில் முதல் எண்ணிக்கை அதற்குள் ஏறியிருக்க வேண்டும்.